‘அப்பா பாத்துக்கறேன்’

சென்ற மாதம் ஒரு மத்தியானம். ஏலம் முடிந்து வியாபாரிகள் கிளம்பிவிட்டார்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் அந்த நேரத்தில் நானும் என் பேரேடும்தான் இருப்போம். எங்களிடம் மூட்டை தூக்கும் ஒருவர் என் மேசைக்கு எதிரே வந்து நின்று தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். வெயிலில் மஞ்சள் தூசி பறந்தது. “அண்ணா, ஒரு லட்சத்துக்கு மூணு வட்டின்னா வருசத்துக்கு எவ்வளவுங்க வரும்?” என்றார். “முப்பத்தாறாயிரம்” என்று யோசிக்காமலே சொல்லிவிட்டேன். இருபத்தைந்து வருடமாக அடுத்தவர் கணக்கைச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அப்புறம்தான் எதற்கு என்று கேட்டேன். பையன் பிளஸ் டூ முடித்திருக்கிறான், கலந்தாய்வில் நல்ல கல்லூரியே கிடைக்கும் போலிருக்கிறது, பணத்துக்கு ஓர் ஆளிடம் சொல்லி வைத்திருக்கிறார். பேங்கில் கல்விக் கடன் கேட்டுப் பார்க்கலாமே என்றேன். துண்டை மறுபடி தலையில் சுற்றிக்கொண்டே சொன்னார்: “படிக்கப் போற புள்ளை தலையில கடன ஏத்த மனசு வரலீங்கண்ணா. நாமளே பாத்துக்கலாம்.”

அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ முனகியிருப்பேன். ஆனால் அந்தப் பேச்சு மூன்று வாரமாக என்னை விடவில்லை. ஏனென்றால் 2019 ஜூலையில் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளை நான் சொல்லியிருக்கிறேன். சொன்னபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துகூட இருந்தது.

பேங்கில் ஒரு மேசை

மகளுக்குக் கலந்தாய்வில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி கிடைத்தது. அரசு ஒதுக்கீட்டு இடம் என்பதால் கல்விக் கட்டணம் 55,000 ரூபாய்தான். விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம், இன்னும் பெயர் புரியாத இரண்டு மூன்று கட்டணங்கள் எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 1,45,000-த்தைத் தொட்டது. என் சம்பளம் அப்போது மாதம் 22,000. முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்குமா என்று விசாரித்தேன். குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும் என்றார்கள். ராத்திரியில் மண்டி பூட்டிய பிறகு உட்கார்ந்து படித்து, அஞ்சல் வழியில் நான் வாங்கிய பி.காம். அன்றைக்கு மகளுக்குக் குறுக்கே வந்து நின்றது. அந்தப் பட்டத்தால் எனக்கு ஐந்து காசு சம்பளம் கூடியதில்லை என்பது தனிக் கதை.

சரி, கல்விக் கடன் கேட்போம் என்று இருவரும் பேங்குக்குப் போனோம். அங்கே கடன் பிரிவில் இருந்தவர் நல்லவர். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் எதுவும் வேண்டாம், நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கும் இல்லை, படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம் என்றெல்லாம் சொல்லிவிட்டு விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தார். மகள் அங்கேயே ஓர் ஓரத்து மேசையில் உட்கார்ந்து நிரப்ப ஆரம்பித்தாள். அவளுக்கு முத்து முத்தான கையெழுத்து. நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு கட்டம் கட்டமாக எழுதினாள். நான் பின்னால் நின்று பார்த்தேன். ‘கடன் பெறுபவர்’ என்ற இடத்தில் அவள் பெயர். என் பெயர் அதற்குக் கீழே, ‘இணைக் கடன்தாரர்’ என்ற இடத்தில். அவளுக்கு 18 முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சென்னிமலையில் போர்வை நெய்தவர். தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் வருடா வருடம் ஏறிக்கொண்டே போய், அவர் படுக்கையில் விழுந்தபோது என் பெயருக்கு மாறியது. எழுத்தில் எதுவும் மாறவில்லை. ஊரில் நாலு பேர் முன்னால் “பையன் பாத்துக்குவான்” என்று ஒரு பேச்சு, அவ்வளவுதான். 19 வயதிலிருந்து 26 வரை நான் சம்பாதித்ததில் பாதி அந்தக் கணக்குக்குப் போனது. என் வயதுப் பையன்கள் வண்டி வாங்கினார்கள், நான் அசல் அடைத்தேன். அப்போதே ஒரு வைராக்கியம்: என் பிள்ளைக்குக் கடன் என்ற சொல்லே தெரியக்கூடாது.

அந்த வைராக்கியம்தான் பேங்கில் கையை நீட்டியது. அவள் எழுதிக்கொண்டிருந்த விண்ணப்பத்தை இழுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். “வேண்டாங் கண்ணு. அப்பா பாத்துக்கறேன்.” அவள் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தாள். வெளியே வந்து கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன். ஏதோ பெரிய ஆபத்திலிருந்து அவளைக் காப்பாற்றிவிட்டது போல இருந்தது.

பார்த்துக்கொண்ட லட்சணம்

மனைவியின் 9 பவுன் அடுத்த வாரமே அடகுக்குப் போனது, 1,60,000 ரூபாய். வருடம் முடியும்போது வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்துக்கொள்வது, அசல் அப்படியே இருக்கும். ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டை நாலாவது மாதமே 22,000 தள்ளி எடுத்தேன். மைத்துனரிடம் 50,000. அதற்கு வட்டி கிடையாது, விசேஷ வீடுகளில் அவர் என்னைப் பார்க்கும் பார்வைதான் வட்டி. இவற்றுக்கெல்லாம் மேலே, மூன்று வட்டிக்கு ஒரு லட்சம். புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி அதன்மேல் கையெழுத்துப் போட்டேன். தொகை எழுதும் இடம் காலியாக இருந்தது. “நாங்க எழுதிக்கறோமுங்க” என்றார் வட்டிக்காரர். ஊருக்கெல்லாம் பைசா சுத்தமாகக் கணக்கு எழுதுகிறவன், தொகை போடாத தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

எங்கள் பக்கத்தில் மூன்று வட்டியை யாரும் கந்துவட்டி என்று சொல்வதில்லை. பத்து வட்டியும் மீட்டர் வட்டியும் தண்டலும்தான் கந்துவட்டி, மூன்று வட்டி ‘நியாயமான வட்டி’. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்று சொல்லும்போது அது சின்னதாகத் தெரிகிறது. வருடத்துக்கு 36 சதவீதம் என்று சொன்னால் யாரும் தொடமாட்டார்கள். அதனால்தான் வட்டிக்கு விடுகிறவர் யாரும் வருடக் கணக்குப் பேசுவதில்லை. 2003-இல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது எனக்கும் தெரியும். ஆனால் அடுத்த ஜூனில் மறுபடி அதே ஆளிடம் போய் நிற்க வேண்டியிருக்கும் என்று நினைப்பவன் எந்தக் காலத்தில் போலீஸ் ஸ்டேஷன் படியேறியிருக்கிறான்?

அப்புறம் 2020 வந்தது. ஊரடங்கில் மண்டி மூடி, திறந்து, மறுபடி மூடியது. முதலாளி பாதிச் சம்பளம் கொடுத்தார். அதுவே பெரிய மனசு. மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிக் கட்டலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னதெல்லாம் பேங்குக் கடனுக்கு. மூன்று வட்டிக்காரருக்கு ரிசர்வ் வங்கி எதுவும் சொல்லவில்லை. ஏப்ரல் முதல் ஐந்து மாதம் வட்டி கட்ட முடியவில்லை. அந்த 15,000-த்தை அசலோடு சேர்த்து, 1,15,000-த்துக்குப் புதுப் புரோநோட்டு எழுதிக்கொண்டார். அதன்பிறகு மாத வட்டி 3,450. ஒன்றாம் தேதி காலையில் அவருடைய ஆள் மண்டி வாசலில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடிப்பான். ஒரே ஒரு தடவை. இன்றைக்கும் ஒன்றாம் தேதியில் வாசலில் எந்த பைக் ஹாரன் கேட்டாலும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது.

இத்தனையும் மகளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போனில் எப்போது பேசினாலும், “பணமெல்லாம் பிரச்சினை இல்ல கண்ணு, நீ படிப்ப மட்டும் பாரு.” மனைவி கழுத்தில் கவரிங் செயின். மகள் அதை முதன்முதலில் பார்த்தபோது “டிசைன் மாத்தியிருக்கோம்” என்று சொன்னதாக ஞாபகம்.

காலண்டர் தாள்

2022 பொங்கலுக்கு வந்திருந்தாள். மூன்றாம் வருடம். அந்த வருடக் கட்டணத்தில் 70,000 பாக்கி இருந்தது. மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுத்திருந்தேன். உள்ளேயிருந்து வந்தாள். கையில் பழைய தினசரிக் காலண்டரின் பெரிய அட்டைத்தாள், பின்பக்கம் வெள்ளை. பேனா. என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“ஏனுங்கப்பா, மொத்தம் யார் யாருக்கு எவ்வளவு தரோணும்? சொல்லுங்க, எழுதறேன்.”

“அதெல்லாம் உனக்கெதுக்கு? அப்பா பாத்துக்கறேன்னு சொன்னேனில்ல?”

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன். “அம்மா போட்டிருக்கறது கவரிங்குன்னு மொத லீவுலயே தெரியுமுங்கப்பா. கழுத்துல பச்சையா கறை இருந்துச்சு” என்றாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். இன்டஸ்ட்ரியல் விசிட்டுக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் இருந்தாளாம். 4,500 ரூபாய் கேட்டார்களாம். வகுப்புப் பிள்ளைகளுக்கு ரெக்கார்டு நோட்டு எழுதிக் கொடுத்துக் கைச்செலவைப் பார்த்துக்கொண்டாளாம். ஒரு நோட்டுக்கு 200 ரூபாய், படம் வரைந்தால் 300. அந்த முத்தான கையெழுத்து எனக்குத் தெரியாமல் கூலி வேலை பார்த்திருக்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. அடுத்த கோடை விடுமுறைக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் இரண்டு மாதப் பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கிறாள். அங்கே தங்குகிற செலவைக் கேட்டால் நான் என்ன செய்வேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

மறைத்தது நான் ஒருவன் மட்டுமல்ல என்பது அப்போதுதான் புரிந்தது. வீட்டில் மூன்று பேரும் அதை மறைத்துக்கொண்டிருந்தோம், ஒருவருக்கொருவர். அம்மாவுக்கும் ரெக்கார்டு நோட்டு விஷயம் தெரியும். நான் ஒருவன்தான் நாடகம் நடப்பது தெரியாமல் மேடையில் நின்றிருக்கிறேன்.

எழுத ஆரம்பித்தோம். கடன், தேதி, வட்டி, இதுவரை கட்டியது, இன்னும் பாக்கி என்று ஐந்து கோடு போட்டாள். மூன்று வட்டிக் கணக்கு வந்தது. முதல் எட்டு மாதம் 3,000 வீதம், பிறகு ஐந்து மாதம் கட்டவில்லை, அப்புறம் பதினாறு மாதம் 3,450 வீதம். கூட்டினாள். 79,200 கட்டியிருக்கிறேன். பாக்கி 1,15,000. வாங்கியது ஒரு லட்சம். மண்டியில் இப்படி ஒரு கணக்கு வேறு எவனாவது எழுதியிருந்தால் சிவப்பு மையில் கோடு போட்டிருப்பேன். என் சொந்தக் கணக்கை அதுவரை ஒரு தாளில்கூட எழுதிப் பார்த்ததில்லை. எழுதாமல் இருந்தால் அது இல்லாத மாதிரி.

அவள் செல்போனை எடுத்து, கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி இணையதளத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினாள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, தர அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்கல்வி படித்தால், படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஒரு வருடத்துக்கும் கல்விக் கடனின் வட்டியை மத்திய அரசே கட்டும். 2009-இலிருந்து இருக்கும் திட்டம். என் வருட வருமானம் 2,64,000. அவள் படிப்புக்குத் தர அங்கீகாரமும் இருந்தது. அதாவது பேங்கில் நான் மடித்துச் சட்டைப்பையில் வைத்த அந்தத் தாள், ஐந்து வருடத்துக்கு எங்களுக்கு வட்டியே இல்லாத கடன். அதைத் தள்ளிவிட்டு 36 சதவீதத்துக்கு வாங்கியிருக்கிறேன், மகளைக் கடனிலிருந்து காப்பாற்ற.

“அப்ப ஏன் அன்னைக்கே சொல்லல?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. “நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்க” என்றாள்.

அடைத்த விதம்

அந்த வாரமே கல்விக் கடனுக்கு விண்ணப்பித்தோம். படிப்பின் நடுவிலும் மீதி வருடங்களுக்குக் கேட்கலாம். இ-சேவை மையத்தில் வருமானச் சான்று, கல்லூரியில் கட்டண விவர ரசீதும், அங்கே படிக்கிறாள் என்பதற்கான போனஃபைடு சான்றும், பேங்குக்கு நாலு நடை. என் பழைய வண்டிக் கடனில் இரண்டு தவணை தவறியிருந்ததால் சிபில் ஸ்கோரைப் பார்த்து மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். அவளுடைய மதிப்பெண் பட்டியலைக் காட்டி அவளே பேசினாள். 2,15,000 கிடைத்தது. பாக்கி 70,000-மும் நாலாம் வருடமும் அதில் அடங்கியது. வட்டி மானியத்துக்குத் தாசில்தார் சான்றை பேங்கில் கொடுத்துவிட்டு, அவர்கள் அதைப் பதிவு செய்துவிட்டார்களா என்று வருடா வருடம் போய் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் மானியம் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடுகிறார்கள்.

மூன்று வட்டியை அடைக்க நகையை விற்றோம். விற்க மனைவி சம்மதித்த விதத்தை எழுத எனக்கு வராது. முதலாளி ஒரு நாள் கைமாற்றாகப் பணம் தந்தார். 9 பவுனையும் மீட்டு, நாலை விற்று, ஐந்தை 1,30,000-த்துக்கு மறுபடி வைத்து, கைமாற்றைத் திருப்பிக் கொடுத்தேன். அப்போது பவுன் 36,000-த்தை ஒட்டி இருந்தது. அசல், வட்டி, தேய்மானம் எல்லாம் போக 1,02,000 கையில் நின்றது. வட்டிக்காரரிடம் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் காலண்டர் தாளை விரித்து, கட்டியது எவ்வளவு என்று படித்தாள். அவர் தாளைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். “பாப்பா எஞ்சினியருக்குப் படிக்குதாக்கும்” என்று சொல்லி 10,000 தள்ளினார். இரும்புப் பெட்டியைத் திறந்து என் புரோநோட்டைத் தேடி எடுத்தார். பெட்டிக்குள் அதே மாதிரி இன்னும் எத்தனையோ, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக்கட்டாக. ஸ்டாம்பு ஒட்டிய இடத்தைக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

அந்த நாலு பவுனுக்கு இன்று என்ன விலை என்று நாங்கள் பேசுவதில்லை. ஆனால் பேப்பர் வந்ததும் மனைவி முதலில் பார்ப்பது தங்கம் விலையைத்தான். பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் மடித்து வைப்பாள்.

கல்விக் கடன்தான் வழி என்று இங்கே நான் வாதாடவில்லை. படித்துவிட்டு வேலை கிடைக்காமல், ஒரு வருடம் முடிந்து தவணை ஆரம்பித்து, வசூல் ஆட்கள் வாசலில் வந்து நின்ற கதைகளை நானும் படித்திருக்கிறேன். அந்தப் பயம் நிஜம். எங்களுக்கு அது நடக்கவில்லை, அவ்வளவுதான். என்னால் இன்னும் ஜீரணிக்க முடியாதது வேறு. ஒரு பிள்ளைக்கு எலக்ட்ரானிக்ஸ் புரியும் என்று நம்பிக் கல்லூரிக்கு அனுப்பினேன், வீட்டுக் கணக்கு புரியும் என்று நம்பவில்லை. என் அப்பா கடனைச் சொல்லாமல் என் தலையில் வைத்துவிட்டுப் போனார் என்று இத்தனை வருடம் அவர்மேல் வருத்தம். யோசித்தால், எனக்கு வலித்தது தொகையல்ல. 19 வயதுவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லாததுதான். அதையே இவளுக்கும் செய்திருக்கிறேன், பாசம் என்று பெயர் வைத்து.

இப்போது அவள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். தவணை மாதம் 3,570, ஏழு வருடத்துக்கு. வெறும் வட்டியாக நான் கட்டிக்கொண்டிருந்தது 3,450. இந்த இரண்டு எண்களும் இவ்வளவு பக்கத்தில் இருப்பது சமயத்தில் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது. நான் இணைக் கடன்தாரர் என்பதால் தவணை கழிந்ததும் எனக்கும் ஒரு எஸ்எம்எஸ் வரும். ஒரு மாதம் தேதி தாண்டியும் வரவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்து, அவளைக் கேட்காமல் நானே கட்டிவிட்டேன். சாயங்காலம் போன் வந்தது. சம்பளம் தாமதமாம், அன்றுதான் வந்ததாம். “மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா?” என்று திட்டிவிட்டு அந்த நிமிடமே பணத்தைத் திருப்பி அனுப்பினாள்.

மூணு வட்டிக் கணக்குக் கேட்ட அந்த லோடுமேனிடம், கேட்டதற்கு மறுநாள் போய், இதில் எதையும் விவரமாகச் சொல்லாமல், “ஞாயித்துக்கிழமை பையனக் கூட்டிட்டு வீட்டுக்கு வாங்க, உக்காந்து ஒரு கணக்குப் போட்டுப் பாக்கலாம்” என்றேன். “அவனெதுக்குங்கண்ணா? சின்னப் பையன்” என்றார். மூன்று ஞாயிறு போய்விட்டது, வரவில்லை. நேற்று எடை போடும்போது நான் மேசையிலிருந்து கூப்பிட்டேன். கேட்காத மாதிரி அடுத்த மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.